மருந்து அறையில் ஒரு வெப்பப் பாடம்

ஒரு கிராம் அரிசி, ஒரு கிராம் கருமருந்து. இரண்டில் எதற்குள் ஆற்றல் அதிகம்? கருமருந்து என்று சொல்லத்தான் வாய் வரும். ஆனால் விடை அரிசி. ஒரு கிராம் அரிசி முழுக்க எரிந்தால் ஏறக்குறைய 15 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். அதே எடைக் கருமருந்து தருவது சுமார் 3 கிலோஜூல்தான். ஐந்தில் ஒரு பங்கு.

காரணம் எளிது. கருமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட். அது எரிபொருள் அல்ல, ஆக்சிஜனைக் கட்டி வைத்திருக்கும் சரக்கு. எரிவது மீதிக் கால் பங்கில் இருக்கும் கரியும் கந்தகமும் மட்டுமே. அரிசிக்கு அந்தச் சுமை இல்லை. தனக்கு வேண்டிய ஆக்சிஜனை அது வெளிக்காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆனால் காற்றை நம்பி எரிகிற பொருள் காற்று வந்து சேரும் வரை காத்திருந்தாக வேண்டும். கருமருந்து யாருக்காகவும் காத்திருப்பதில்லை. பக்கத்துத் துகளிலேயே ஆக்சிஜன் இருக்கிறது.

நாம் உண்ட சோறு மணிக்கணக்கில் மெதுவாக எரிகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் வெளியிடும் வெப்பத்தின் வேகம் சுமார் 100 வாட். இறுக்கிக் கட்டிய காகிதக் குழாய்க்குள் ஒரு கிராம் கருமருந்து ஐந்து மில்லிவிநாடியில் எரிந்து முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். 3,000 ஜூலை 0.005 விநாடியால் வகுத்தால் 6 லட்சம் வாட் வருகிறது. வெப்பத்தின் அளவு வேறு, அது வெளிப்படும் வேகம் வேறு, வெப்பநிலை வேறு. பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டில் வெப்பவியல் தாளைத் திறக்கும் மாணவர் முதலில் பிரித்தறிய வேண்டியது இந்த மூன்றையும்தான். அந்தப் பாடத்தைப் படிக்க சிவகாசியைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

இந்த வட்டாரத்துக் கல்லூரிகளே நெருப்பில் ஈட்டிய பணத்தில் எழுந்தவை. 1922-இல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். அந்த அய்ய நாடார் பெயரைத் தாங்கிய அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963-இல் தொடங்கியது. 1968-இல் வந்த ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரிக்குப் பெயரிலேயே பட்டாசு இருக்கிறது. 1984-இல் தொடங்கிய மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியின் பெயரில் உள்ள மெப்கோ, அலுமினியத் தூள் தயாரிக்கும் நிறுவனம். விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947 முதல் இருக்கிறது. மற்ற தமிழகக் கல்லூரிகளில் படிப்பதைத்தான் இங்கும் படிக்கிறார்கள். பிரிஜ்லால் – சுப்ரமணியம் எழுதிய தடித்த வெப்பவியல் புத்தகம், கார்னோ எஞ்சின், திரவ ஹீலியம், லீஸ் தட்டுச் சோதனை. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் கல்லூரிச் சுவருக்கு வெளியே, பேருந்தில் கால் மணி நேர தூரத்தில், அதே பாடத்தின் ஒவ்வொரு அத்தியாயமும் தினமும் நடந்துகொண்டிருக்கிறது. சில நாள் உயிரையும் வாங்குகிறது.

முதலில் கம்பி மத்தாப்பு. அதிலிருந்து தெறிக்கும் இரும்புப் பொறியின் வெப்பநிலை 1,500 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். இரும்பே உருகுகிற வெப்பம். அப்படிப்பட்ட பொறி சிறுமியின் புறங்கையில் வந்து விழுகிறது. லேசாகச் சுருக்கென்கிறது, அவ்வளவுதான். அடுப்பில் கொதிக்கும் தண்ணீரோ வெறும் 100 டிகிரி. அதில் ஒரு சொட்டு பட்டால் கொப்புளிக்கிறது. எப்படி?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பொறியின் விட்டம் 0.1 மில்லிமீட்டர் என்று கொண்டால் அதன் எடை ஒரு கிராமில் 10 லட்சத்தில் 4 பங்கு. இரும்பின் தன்வெப்பம் ஒரு கிராமுக்கு, ஒரு டிகிரிக்கு 0.45 ஜூல். 1,500 டிகிரியிலிருந்து உடல் வெப்பநிலைக்கு இறங்கும்போது அது கையில் விட்டுச் செல்லும் வெப்பம் 0.003 ஜூலுக்கும் குறைவு. தண்ணீர்ச் சொட்டின் எடை 0.05 கிராம், தண்ணீரின் தன்வெப்பம் 4.18 ஜூல். 100-லிருந்து 37 டிகிரிக்கு இறங்கும்போது அது தருவது 13 ஜூல். அதாவது நாலாயிரம் பொறிகளுக்கு மேல் சேர்ந்தால்தான் ஒரு சொட்டு வெந்நீருக்கு ஈடாகும். பொறி காற்றில் எரிந்துகொண்டே வருகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த எரிவெப்பத்தைச் சேர்த்து இன்னும் பத்து மடங்கு கூட்டிக்கொண்டாலும் சொட்டின் பக்கத்தில்கூட வராது. இதை நம்பிக் கண்ணருகே மத்தாப்பைக் கொண்டுபோய்விடக் கூடாது. கண்ணின் விழிவெண்படலத்துக்கும் மெல்லிய பாவாடைத் துணிக்கும் அந்தச் சின்ன வெப்பமே போதும்.

அடுத்து, எரிந்து முடிந்த கம்பி. திடப்பொருள் எதுவாயினும் சுமார் 525 டிகிரிக்கு மேலேதான் கண்ணுக்குத் தெரியும்படி சிவந்து ஒளிரும். ஜான் டிரேப்பர் என்ற அறிஞர் 1847-இல் கண்டது இது. ஆக, சிவப்பு மறைந்து கம்பி கறுத்துவிட்டது என்றால் அது ஆறிவிட்டது என்று பொருளில்லை. 525-க்குக் கீழே வந்திருக்கிறது, அவ்வளவே. 400 டிகிரியில் இருக்கும் 2 கிராம் கம்பிக்குள் சுமார் 350 ஜூல் இருக்கிறது. கண்ணைப் பறிக்கும் பொறியில் 0.003, பார்க்கச் சாதுவான கறுத்த கம்பியில் 350. தீபாவளி இரவில் குழந்தைகளின் உள்ளங்கால் வேகுவது இந்தக் கம்பியில்தான். வாளித் தண்ணீரில் போட்டுவிடுங்கள் என்று பெரியவர்கள் சொல்வதற்கு இயற்பியலில் இதைவிட நேரான விளக்கம் தேவையில்லை.

அடுத்து, தீபாவளிக்கு மறுநாள் காலை தெருவெல்லாம் கிடக்கும் வெடித்தாள் குப்பை. அதில் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். உட்பக்கம் கருகியிருக்கும். வெளிப்பக்கத்தில் அச்சடித்த எழுத்து வாசிக்கும்படி அப்படியே இருக்கும். உள்ளே 2,000 டிகிரி வாயுவைத் தாங்கிய காகிதம் மறுபக்கம் வாடக்கூட இல்லை. காகிதம் அரிதிற் கடத்தி. வெப்பம் அதனுள் பரவுவதற்கு ஒரு வேகம் உண்டு. வெடிப்பு நடக்கும் ஐந்து மில்லிவிநாடிக்குள் வெப்பம் காகிதத்தில் ஊடுருவக்கூடிய ஆழம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். அதற்குள் வாயுவின் அழுத்தம் குழாயைக் கிழித்துவிடுகிறது. காகிதத்துக்குச் சுடுவதற்கே நேரமில்லை.

கல்லூரி ஆய்வகத்தில் லீஸ் தட்டுச் சோதனை செய்தவர்களுக்கு இது பழக்கமான விஷயம். மூன்று நூல்களில் தொங்கும் பித்தளைத் தட்டு, அதன்மேல் வட்டமாக வெட்டிய அட்டை, அதற்கும் மேலே நீராவி அறை. இரண்டு வெப்பமானிகளும் அசையாமல் நிற்கும் வரை பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம்கூட ஆகும். ஏன் இத்தனை நேரம் என்று சலித்துக்கொள்ளாத மாணவர் இல்லை. அட்டையின் குணம் அது. அதே குணம்தான் சரவெடியின் காகிதத்தை ஒருபக்கம் மட்டும் கருக்குகிறது. பின்னால் வரப்போகும் ஒரு பெரிய ஆபத்துக்கும் அதுவே காரணம்.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியச் சட்டம். காதைப் பொத்திக்கொள்ள வைக்கும் அந்தச் சத்தத்தை ஆற்றலாகக் கணக்கிட்டால், மருந்து தந்த வெப்பத்தில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. மற்றதெல்லாம் காற்றைச் சூடாக்கிக் கலைந்துபோகிறது. என்ட்ரோபி அத்தியாயத்துக்கு இதைவிடச் சத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது.

இனி, செய்தித்தாளில் வரும் இரண்டு வாக்கியங்கள். விருதுநகர் மாவட்டப் பக்கத்தை வாசிப்பவர்களுக்கு அவை மனப்பாடம். ஒன்று, மருந்து கலக்கும்போது ஏற்பட்ட உராய்வால் வெடித்தது. மற்றது, மருந்து நீர்த்துப்போய் வெடித்தது. முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று பட்டாசு ஆலை விபத்தில் சுமார் 40 உயிர்கள் போயின. சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இடையிலும் பின்னரும் நடந்த சிறிய விபத்துகள் எத்தனையோ. அவற்றைப் பற்றிய செய்திகளிலெல்லாம் இந்த இரண்டு காரணங்களில் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. நாமும் படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். உண்மையில் அந்த இரண்டு வாக்கியங்களும் வெப்ப இயற்பியலின் இரண்டு முழு அத்தியாயங்கள்.

உராய்வை எடுத்துக்கொள்வோம். வெப்பம் ஒரு பாய்மம் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், மியூனிக் நகரப் பீரங்கிப் பட்டறையில் கவுண்ட் ரம்ஃபோர்டு ஒரு சோதனை செய்தார். மழுங்கிய துளைப்பானைப் பித்தளைப் பீரங்கியில் அழுத்தி, குதிரைகளைக் கொண்டு சுழற்றினார். சுற்றிலும் தண்ணீர்த் தொட்டி. நெருப்பே இல்லாமல் இரண்டரை மணி நேரத்தில் அந்தத் தண்ணீர் கொதித்தது. 1798-இல் அவர் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அளித்த அறிக்கை, வெப்பம் என்பது இயக்கம்தான் என்ற கருத்துக்கு வித்திட்டது. இது எல்லா வெப்பவியல் புத்தகங்களிலும் முதல் அத்தியாயத்தில் வரும்.

ஆனால் ரம்ஃபோர்டின் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் தீக்குச்சி பற்றவே பற்றாது. குச்சியை 200 கிராம் எடையின் அளவுக்கு அழுத்தி 3 செண்டிமீட்டர் உரசுகிறோம். செய்த வேலை 0.06 ஜூல். குச்சி முனையின் மருந்து 20 மில்லிகிராம், தன்வெப்பம் கிராமுக்கு ஏறக்குறைய 1 ஜூல். வெப்பம் முழுவதும் அந்த முனையில் சமமாகப் பரவினால் வெப்பநிலை 3 டிகிரிதான் உயரும். மூன்றே டிகிரி. குச்சிகளைச் சும்மா வெயிலில் வைத்தாலே அதைவிட அதிகம் சூடாகும். ஆனாலும் உரசினால் பற்றுகிறதே?

ஏனென்றால் வெப்பம் சமமாகப் பரவுவதில்லை. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் எந்தப் பரப்பும் நுண்ணளவில் மேடுபள்ளம்தான். இரண்டு பரப்புகள் உரசும்போது தொட்டுக்கொள்வது சில மேட்டு முனைகள் மட்டுமே. உராய்வு வெப்பம் முழுவதும் அந்த முனைகளில் குவிகிறது. சுற்றியுள்ள பொருள் அரிதிற் கடத்தி என்பதால் பரவி ஓடவும் வழியில்லை. கேம்பிரிட்ஜில் ஃபிராங்க் பிலிப் பௌடனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1940-களில் இந்த நுண்சூட்டுப் புள்ளிகளை விரிவாக ஆராய்ந்தார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும் புள்ளி, கண நேரத்துக்கு 500 டிகிரியைத் தாண்டினால் போதும், வெடிபொருள் பற்றிக்கொள்ளும் என்று காட்டினார்கள்.

அவர்கள் கண்டவற்றில் ஒன்று என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது. வெடிபொருளோடு பலவகைத் துகள்களைக் கலந்து உரசிப் பார்த்தபோது, எந்தத் துகள் ஆபத்தைக் கூட்டும் என்பதை முக்கியமாகத் தீர்மானித்தது துகளின் கடினம் அல்ல, அதன் உருகுநிலை. உரசும் புள்ளியின் வெப்பநிலை, அங்கே முதலில் உருகுகிற பொருளின் உருகுநிலையைத் தாண்டி ஏற முடியாது. உருகத் தொடங்கியதும் உரசல் வழுக்கலாகிவிடும். ஆகவே 400 டிகிரிக்குள் உருகிவிடும் துகள் கலந்தாலும் ஆபத்து அவ்வளவாகக் கூடவில்லை. அதைவிட உயர்ந்த உருகுநிலை உள்ள துகள் சிறிதளவு கலந்தாலே ஆபத்து பன்மடங்கு கூடியது. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் உருகுவது சுமார் 1,700 டிகிரியில்.

தீப்பெட்டியின் உரசுபட்டையில் சிவப்புப் பாஸ்பரசோடு கண்ணாடித் தூளைச் சேர்ப்பது இந்த அறிவை நமக்குச் சாதகமாகப் பயன்படுத்துவது. மருந்து அறைக்குள் செருப்பில் ஒட்டி வரும் மணல் அதே அறிவு நமக்கு எதிராகத் திரும்புவது. மணல் துகள்கள் உள்ளே வரக் கூடாது, இரும்புக் கருவி கூடாது என்று வெடிபொருள் விதிகள் கண்டிப்பாகச் சொல்வதற்கு இதுதான் காரணம். மரத்தடியில் உட்கார்ந்து பட்டாசு செய்தார்கள் என்று அதிகாரிகள் வழக்குப் போடும்போது, மர நிழலில் வேலை செய்தால் என்ன குடிமுழுகிப் போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. நிழல் குற்றமில்லை. அந்தத் தரையின் மண்தான் குற்றம். குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவையைப் பட்டாசில் 1992-இலேயே தடை செய்தார்கள். மிகக் குறைந்த உராய்விலும் பற்றிக்கொள்ளக்கூடிய கலவை அது.

இரண்டாவது வாக்கியம், மருந்து நீர்த்துப்போவது. எனக்கு இதுதான் வெப்ப இயற்பியலிலேயே மிக வியப்பான பகுதி. தீ இல்லை, உராய்வு இல்லை, யாரும் தொடக்கூட இல்லை. நேற்று கலந்து வைத்த மருந்து இன்று தானாக வெடிக்கிறது. எப்படி?

பட்டாசு மருந்தில் கலக்கும் அலுமினியத்திலிருந்து தொடங்குவோம். அலுமினியப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தால் எரிவதில்லை. மேலே படிந்திருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் காக்கிறது. ஒரு கிராம் அலுமினியத்தை உருண்டையாக்கினால் அதன் மேற்பரப்பு இரண்டரைச் சதுர செண்டிமீட்டர். அதே ஒரு கிராமை ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு விட்டமுள்ள தூளாக்கினால் மேற்பரப்பு 2,200 சதுர செண்டிமீட்டர். ஏறக்குறைய 900 மடங்கு. ஈரம் பட்டால் அந்தப் பரப்பு முழுவதிலும் மெதுவாக ஒரு வினை நடக்கும். கலவையில் நைட்ரேட் இருந்தால் வினையில் அம்மோனியா உண்டாகும். அது காரத்தன்மை கொண்டது, காக்கும் படலத்தையே அரிக்கும். படலம் போனால் வினை வேகமெடுக்கும். தொழில் தெரிந்தவர்கள் போரிக் அமிலம் சிறிது சேர்ப்பது இந்தக் காரத்தை அடக்கத்தான்.

வினையால் வெப்பம் உண்டாகிறது. உண்டான வெப்பம் வெளியே போகிறது. இது வரவு செலவு மாதிரி. செலவின் விதி நியூட்டனின் குளிர்வு விதி: மருந்து அறையைவிட எத்தனை டிகிரி சூடாக இருக்கிறதோ, அதற்கு நேர் விகிதத்தில் வெப்பம் வெளியேறும். வரைந்தால் நேர்கோடு. வரவின் விதி வேறு. வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். வரைந்தால் மேலே மேலே செங்குத்தாகிக்கொண்டே போகும் வளைகோடு. கிடையச்சில் வெப்பநிலையைக் குறித்து இரண்டையும் ஒரே தாளில் வரைந்தவர் லெனின்கிராடைச் சேர்ந்த நிக்கலாய் செமெனோவ். ஆண்டு 1928. பின்னாளில், 1956-இல், வேதியியலுக்கான நோபல் பரிசை சிரில் ஹின்ஷல்வுட்டுடன் பகிர்ந்துகொண்டவர்.

அந்தத் தாளைப் பாருங்கள். நேர்கோடும் வளைகோடும் இரண்டு இடத்தில் வெட்டிக்கொள்ளும். கீழே உள்ள வெட்டுப்புள்ளி பத்திரமான இடம். மருந்து கொஞ்சம் சூடேறினாலும் செலவு வரவை மிஞ்சும், மீண்டும் அங்கேயே வந்து நிற்கும். மேலே உள்ள புள்ளியைத் தாண்டிவிட்டால் வரவு எப்போதும் செலவைவிட அதிகம், திரும்ப வழியில்லை. இப்போது அறை சூடாகிறது என்று வையுங்கள். சித்திரை மதியம், தகரமோ ஓடோ வேய்ந்த கூரை, வெளியே 40 டிகிரி. நேர்கோடு வலப்பக்கமாக நகரும். இரண்டு வெட்டுப்புள்ளிகளும் நெருங்கி நெருங்கி ஒன்றாகும். அதற்கும் மேல் ஒரு டிகிரி நகர்ந்தால் கோடுகள் தொடவே தொடாது. பத்திரமான இடம் என்று ஒன்று அந்த அறைக்குள் இல்லாமலே போய்விடும்.

எத்தனை டிகிரி சூடேறினால் எல்லை என்பதைச் செமெனோவின் கணக்கிலேயே பார்க்கலாம். வினையின் கிளர்வு ஆற்றல் மோலுக்கு 100 கிலோஜூல் என்று எடுத்துக்கொண்டால், கோடையில் மருந்துக் கலவை தன் சுற்றுப்புறத்தைவிட ஏறக்குறைய 8 டிகிரி மட்டுமே கூடுதலாகத் தாங்கும். நூறு டிகிரி இல்லை, ஐம்பது இல்லை. எட்டு. கையை வைத்துப் பார்த்தால் லேசான வெதுவெதுப்பு என்றுதான் தோன்றும்.

குவியலின் பருமன் அடுத்த கேள்வி. வெப்பம் உண்டாவது கன அளவில், வெளியேறுவது மேற்பரப்பில். பெரிய குவியலில் மேற்பரப்பின் பங்கு குறைவு. அதோடு மருந்துத் தூள், லீஸ் தட்டில் வைத்த அட்டையைப் போலவே அரிதிற் கடத்தி. ஒரு செண்டிமீட்டர் தடிமனில் பரப்பிய தூளின் நடுவிலிருந்து வெப்பம் வெளியேற நாலைந்து நிமிடம் ஆகும். பத்து செண்டிமீட்டர் உயரக் குவியல் என்றால் பத்து மடங்கு நேரமில்லை, நூறு மடங்கு நேரம். ஏழு மணி நேரம். டேவிட் ஃபிராங்க்-கமெனெட்ஸ்கி 1939-இல் இந்தக் குவியல் கணக்கைச் செம்மையாக்கினார். இரவு எட்டு மணிக்கு மீந்த மருந்தைக் குவித்து மூடிவைத்துவிட்டுப் போனால், விடியும்வரை அதன் நடுப்பகுதிக்கு வெளியுலகம் ஒன்று இருப்பதே தெரியாது. மேல்பகுதியைத் தொட்டுப் பார்ப்பவருக்கோ எல்லாம் குளிர்ச்சியாகத்தான் இருக்கும்.

ஆலை விதிகளை இந்தக் கண்ணோட்டத்தில் மறுபடி வாசித்துப் பாருங்கள். ஓர் அறையில் இத்தனை கிலோவுக்கு மேல் மருந்து கூடாது. வெயில் ஏறுமுன் கலந்து முடிக்க வேண்டும். மீந்த மருந்தை மறுநாளைக்கு வைக்கக் கூடாது. காய வைப்பதை மெல்லிய அடுக்காகப் பரப்ப வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் அதிகாரிகளின் கெடுபிடி போலத் தெரியும் இவை ஒவ்வொன்றும் அந்த நேர்கோட்டையும் வளைகோட்டையும் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் வைத்திருக்கச் செய்த ஏற்பாடு. இதை அறியாமல் விதியைக் கடைப்பிடிப்பவர், ஆர்டர் நெருக்கும் ஐப்பசி மாதத்தில் அந்த விதியைத்தான் முதலில் விடுவார். இன்னும் ஐந்து கிலோதானே, இன்னும் ஒரு ராத்திரிதானே என்று தோன்றும். காரணம் அறிந்தவருக்கு அப்படித் தோன்றாது. அந்த ஐந்து கிலோ மேற்பரப்பை அதிகம் கூட்டாது, ஆழத்தைத்தான் கூட்டும் என்று அவருக்குத் தெரியும்.

சட்டங்களைக் கடுமையாக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலாளியின் பேராசைக்கும் உள்குத்தகைக்கும் இயற்பியல் மருந்தாகாது. அவற்றுக்குச் சட்டமும் தண்டனையும்தான் வேண்டும். ஆனால் கலவை அறையில் தட்டின் முன்னால் நிற்பவர், மேற்பார்வை பார்க்கும் ஃபோர்மேன், ஆலைக்கு உரிமம் கேட்டுப் போகும் இளம் முதலாளி ஆகியோரில் பலர் இந்த ஊர்க் கல்லூரிகளின் பிள்ளைகள், அல்லது அந்தப் பிள்ளைகளின் வீட்டார். கல்லூரியில் படிக்கும் மகள் தன் அம்மாவுக்கு ஒரு தாளில் இரண்டு கோடு வரைந்து காட்ட முடியும். அந்த வாய்ப்பை நாம் வீணாக்கிக்கொண்டிருக்கிறோம்.

இந்தியாவில் வெப்பவியல் பாடநூலுக்கு நல்ல மரபு ஒன்று உண்டு. மேக்நாத் சாகாவும் பி.என். ஸ்ரீவாஸ்தவாவும் 1930-களில் எழுதிய வெப்பவியல் நூல் பல தலைமுறை மாணவர்களை வளர்த்தது. விண்மீன்களின் நிறமாலையை வெப்ப இயக்கவியலால் விளக்கியவர் சாகா. ஸ்ட்ரான்சியம் சிவப்பும் பேரியம் பச்சையும் நம் வானத்தில் பூக்கும்போது வேலை செய்வது அதே இயற்பியல்தான். தாமிர நீலம் மட்டும் ஏன் எப்போதும் மங்கலாகவே வருகிறது என்ற கேள்விக்கும் விடை வெப்பநிலையில் இருக்கிறது: சுடர் அதிகம் சூடேறினால் நீலம் தரும் தாமிரக் குளோரைடு மூலக்கூறே உடைந்துவிடும். இப்படி எடுத்துச் சொல்ல இந்த மாவட்டத்தில் பஞ்சமே இல்லை.

வழக்கமான பி.எஸ்சி. வெப்பவியல் புத்தகங்களில் செமெனோவின் வரைபடம் வருவதில்லை. நியூட்டனின் குளிர்வு விதிச் சோதனை வருகிறது. கலோரிமானியில் வெந்நீரை ஊற்றி, அது ஆற ஆற வெப்பநிலையைக் குறித்து மாணவர்கள் வரைபடம் வரைகிறார்கள். அந்த அளவீடுகளிலிருந்து வெப்ப இழப்பின் நேர்கோடு கிடைத்துவிடும். அதே தாளில், பத்து டிகிரிக்கு இரட்டிக்கும் வளைகோட்டையும் வரையச் சொல்ல வேண்டும். அறை வெப்பநிலையை 30-லிருந்து 40-க்கு மாற்றி, நேர்கோட்டை நகர்த்தி, வெட்டுப்புள்ளிகள் என்ன ஆகின்றன என்று பார்க்கச் சொல்ல வேண்டும். புதிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு துளி மருந்தும் ஆய்வகத்துக்குள் வர வேண்டாம். ஒரு பிரிவேளை போதும்.

சிவகாசியிலும் விருதுநகரிலும் உள்ள கலை அறிவியல் கல்லூரிகளில் பல தன்னாட்சி பெற்றவை. பாடத்திட்டத்தில் எதைச் சேர்ப்பது என்று அவற்றின் இயற்பியல் துறைகளே முடிவு செய்யலாம். அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் இதைச் சேருங்கள் என்று அந்தத் துறைகளின் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.